கப்பலில் மூன்றாவது இடம்

"நான் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனா, நீயும் என் கூட வருவியா ஊசியக்கா?"

"கையைத் தூக்குங்க பாப்பா. அக்குள் அளவு எடுக்கணும்."

"முதல்ல சொல்லு. வருவியா, மாட்டியா?"

"கப்பல்லயா? எனக்குக் குளத்துல படகைப் பார்த்தாலே குடலைப் புரட்டும். நீங்க போயிட்டுக் கடுதாசி போடுங்க. நான் இங்கயே உட்கார்ந்து படிச்சுக்கறேன்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஊசி மேல சத்தியமா."

"சரி போ. இனிமே நான் கேக்கவே மாட்டேன்."

"கேக்காதீங்க. இப்ப நிமிர்ந்து நில்லுங்க. நீங்க கூன் போட்டா சட்டையும் கூன் போடும்."

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது ஐயா. இளவரசிக்கு அப்போது எட்டு வயது, எனக்கு இருபத்தாறு. ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள். யோசித்துப் பார்த்தால் இதுதான் ஆரம்பம். எழுத்தர் ஐயா நிதானமாகவே எழுதட்டும். நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், சன்னல் வழியாகக் காற்று வருகிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் பெயரைச் சொன்னால் அரண்மனையில் யாருக்கும் தெரியாது. ஊசியக்கா என்றால் குதிரை லாயம் வரைக்கும் தெரியும். தையலறை என் பொறுப்பு. பிறந்ததும் போட்ட முதல் சட்டையிலிருந்து இப்போது பெட்டியில் இருக்கும் கல்யாண உடை வரைக்கும் இளவரசிக்கு எல்லாம் என் கையால் தைத்ததுதான். இளவரசி என்று சொல்ல எனக்கு நாக்கு வளையாது. பாப்பா என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. அளவு பார்க்கும்போது எத்தனை குண்டூசி துணியில் குத்துகிறேனோ, அத்தனையும் ஊசி செருகும் பஞ்சுக்குத் திரும்பி வர வேண்டும். நாற்பது போனால் நாற்பது வரணும். ஒன்று குறைந்தால் அது யாரையோ குத்தும். பாப்பா என்னோடு சேர்ந்து எண்ணும். முப்பத்தெட்டுக்குப் பிறகு அதற்கு எப்போதும் நாற்பதுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அளவு பார்க்கும் நேரத்தில் நான்கைந்து குண்டூசி எப்போதும் என் உதட்டில் இருக்கும். அதனால் சொல்ல வேண்டிய பல விஷயங்களை நான் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

கல்யாணம் நிச்சயமான அன்று அரண்மனைக்கே பித்துப் பிடித்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜ்யத்தோடு ஏழு வருடச் சண்டை. பாப்பாவை அந்த நாட்டு இளவரசருக்குக் கொடுத்தால் சண்டை நிற்கும் என்றார் மூத்த மந்திரி. கொடுத்தால் மானம் போகும் என்றார் இளைய மந்திரி. மூத்தவரின் தங்கையைத்தான் இளையவர் கட்டியிருந்தார். ஆக, மச்சான்கள் சாப்பாட்டு மேசையில் போட்ட சண்டையெல்லாம் மறுநாள் சபையில் ராஜதந்திரமாக வரும். ஒருவர் தும்மினால் மற்றவர் அதில் சதி தேடுவார். நாங்கள் கீழே தையலறையில் அதைப் பேசிப் பேசிச் சிரித்தே பாதி நாளைப் போக்குவோம்.

மாப்பிள்ளையின் படம் வந்தது. ஆள் பனைமரம் மாதிரி உயரம். அதே வாரம், கல்யாணக் கோட்டுத் தைப்பதற்காக அவருடைய அளவுத்தாளும் எனக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"பாப்பா, படத்துல இவர் காலுக்குக் கீழே முக்காலி போட்டிருக்கணும்."

பாப்பா துணிக் குவியலில் விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்போடே எழுந்து போய், மாப்பிள்ளைக்கு நேராக எழுதிக் கேட்டுவிட்டது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. 'முக்காலி இல்லை. இரண்டு புத்தகங்கள். ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை.' அவ்வளவுதான் கடிதம். அதைப் பாப்பா ஒன்பது தடவை படித்தது. ராஜாங்கக் கல்யாணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு பெண்ணுக்குக் காதே சிவந்துபோயிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாணத்தைக் கெடுக்க நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மணப்பெண்ணோடு மூன்று பெண்கள் மட்டும் கப்பலேறலாம்; போனவர்கள் திரும்பக் கூடாது. போன தலைமுறையில் இப்படி ஒரு மணப்பெண் அறுபது தோழிகளோடு போனாளாம். அதில் ஐம்பத்தொன்பது பேர் ஒற்றர்கள், அறுபதாவது ஆள் அவர்களுக்குச் சமையல்காரி. அதற்குப் பிறகுதான் இந்த மூன்று.

மூன்றில் ஒன்று எனக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பல் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. அதனால் பத்து நாள் விடியற்காலையில் அரண்மனைக் குளத்தில் படகேறிப் பழகினேன். முதல் நாள் மீன்களுக்குத்தான் விருந்து. பத்தாம் நாள் படகில் உட்கார்ந்து பொத்தான் துளை தைத்தேன். படகோட்டிக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, இந்த வயசுல கடற்படையில சேரப் போறியா?" என்றான்.

"வாயை மூடிட்டுத் துடுப்பைப் போடு" என்றேன். பெட்டிகூட கட்டிவிட்டேன். இரண்டு கத்தரி, நூல்கண்டுகள், பாப்பாவின் முதல் சட்டை.

சபையில் பட்டியல் படித்தார்கள். பாட்டுக்காரி. மருத்துவச்சி. பாப்பாவின் சித்தப்பா மகள். மூத்த மந்திரி தாளை மடித்துவிட்டார். நான் கொஞ்ச நேரம் நின்றேன், நான்காவதாக ஏதாவது வருமோ என்று. பிறகு கீழே போய் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்தேன்.

போய்க் கேட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. கேட்டு வாங்குவது பிச்சை ஐயா. அதுவும் பத்தொன்பது வருடம் தைத்துப் போட்ட கைக்கு. தானாகக் கொடுக்க வேண்டும். பாப்பாவுக்கு நினைவு வர ஒரு சின்ன இடைவெளி கிடைத்தால் போதும். மூன்று இடத்தில் ஒன்று காலியானால், என் முகம் அதற்கு ஞாபகம் வராதா?

பாட்டுக்காரி நல்ல பெண். தொண்டையில் தேன், தலையில் ஒன்றும் கிடையாது. பயண உடைக்கு அவளை அளவெடுத்து, இடுப்பில் இரண்டு விரல் குறைத்துப் பிடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் போட்டுப் பார்க்கும்போது கொக்கி எட்டவில்லை. அந்தப்புரத்து மேற்பார்வையம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இடுப்பை விட்டே தைச்சிடட்டுமா கண்ணு?" என்று அன்பாகத்தான் கேட்டேன். "மாசத்துக்கு மாசம் பெருசாகும்ல."

"எதுக்குப் பெருசாகணும்?"

"சும்மா கேட்டேன்."

நான் சொன்னது அவ்வளவே. மேற்பார்வையம்மா அவளைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அடுப்படியில் குழந்தைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மறுநாள் அவளை வண்டியேற்றி அனுப்பினார்கள். அவள் அப்பா கதவைத் திறக்கவில்லை என்று கேள்வி. அதற்குப் பிறகு அவளை எங்கும் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. குரல் மட்டும் நல்ல குரல்.

அந்த இடத்துக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? கிளிக்காரியை. பாப்பாவின் மூன்று கிளிகளுக்குத் தீனி போடுகிறவள். வழித்துணைக்குச் சிரிப்பு வேண்டுமே என்று பாப்பா சொன்னதாம். நான் கூண்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பச்சைக்கிளி, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று கத்தும். ஊர் பூராவும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் பாருங்கள், கிளிக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

மருத்துவச்சிக்கு ஐம்பது வயது. பாப்பா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். முதலில் உடுத்தியது நான் என்பதால் எங்களுக்குள் ஒரு செல்லச் சண்டை எப்போதும் உண்டு.

"நான் வாங்கலைன்னா நீ எதுக்குச் சட்டை தைக்கப் போறே?" என்பார்.

"நீங்க வாங்கின கோலத்துலயே விட்டிருந்தா ஊர் என்ன சொல்லியிருக்கும்?" என்பேன்.

பெரிய படிக்கட்டில் ஒத்திகை வைத்தார்கள். மணப்பெண்ணுக்குப் பின்னால் மூன்று பேரும் நிமிர்ந்து, குனிந்து பார்க்காமல் இறங்க வேண்டும். மருத்துவச்சியின் உடையில் கீழ்மடிப்பை மூன்று விரல் கூடுதலாக விட்டேன். ஒரு கால் சுளுக்கினால் போதும், ஒரு மாதம் கட்டிலில் கிடந்தால் கப்பல் போய்விடும் என்பதுதான் என் கணக்கு. இரண்டு படி போதும் என்று நினைத்தேன். மொத்தம் நாற்பத்தொரு படி ஐயா. அவர் எதிலும் அரைகுறையாக நிறுத்துகிறவர் இல்லை.

அவருக்குக் கடைசி உடையும் நான்தான் தைத்தேன். அதில் கீழ்மடிப்பு மிகச் சரியாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. கல்யாணத்தைக் கெடுக்க இளைய மந்திரிதான் ஆள் வைத்துத் தள்ளிவிட்டார் என்று மூத்த மந்திரி சொன்னார். பழியைத் தன் மேல் போட மூத்தவரே தள்ளிவிட்டார் என்று இளையவர் சொன்னார். படிக்கட்டுக்குப் பன்னிரண்டு காவலர் போட்டார்கள். சமையல்காரரைப் பிடித்து விசாரித்தார்கள், அன்று காலை அவர் ஏதோ அவித்தார் என்பதற்காக. இரண்டு கட்சிக்கும் தைக்கிறவள் நான் ஒருத்திதான், என்னை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அரண்மனையில் ஊசி விழுந்தாலும் சதி என்பார்கள். ஊசியே சதி செய்தபோது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

காலியான இடத்தைப் பாப்பா மருத்துவச்சியின் மகளுக்குக் கொடுத்தது. அம்மா போன துக்கத்தில் இருக்கிற பெண்ணைக் கப்பலில் ஏற்றுவதா? எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனாலும் பாப்பாவின் நல்ல குணம் அது. யாருக்கு வலிக்கிறதோ அவர்களைத்தான் அதன் கண் தேடும். என் வலிதான் வெளியே தெரியவில்லை. வாயில் குண்டூசி.

மிச்சம் இருந்தது சித்தப்பா மகள். அந்த வாரம் இளைய மந்திரியின் கோட்டு ஒன்று பொத்தான் மாற்ற வந்தது. உள்பையில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'கப்பல் கரை சேர்ந்ததும் சொல்லியனுப்பு. அதுவரை யாரிடமும் வாய் திறக்காதே. எல்லாம் தயார்.' அவர் மாமியாருக்கு அறுபது வயது முடிகிறது. அதற்கு ஒரு ரகசிய விருந்து. மாமியார் உல்லாசக் கப்பலில் போயிருந்தார். சீட்டு மனைவிக்கு எழுதியது, கொடுக்க மறந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். விருந்துக்கு அந்தம்மா கட்டப்போகும் உடையும் என் மேசையில்தான் இருந்தது.

அந்தச் சீட்டைச் சித்தப்பா மகளின் பயண மேலங்கிக்குள், உள்துணிக்கு அடியில் வைத்துத் தைத்தேன். ஒரு மூலையை மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்படி விட்டேன். மருத்துவச்சிக்குப் பிறகு எல்லா உடையையும் காவலர்கள் தடவிப் பார்த்தார்கள் அல்லவா? மூன்றாவது நாள் தட்டுப்பட்டது.

அது தன் கணவர் தனக்கு எழுதியது என்று இளைய மந்திரியின் மனைவி சொன்னார். தன் அண்ணன் காலிலேயே விழுந்து சொன்னார். விருந்து, மாமியார், உல்லாசக் கப்பல் என்று அவர் சொல்லச் சொல்ல, மூத்தவருக்கு அது இன்னும் ஜோடித்த கதையாகவே பட்டதாம். நல்லவர்கள் உண்மையைச் சொல்லும்போது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது பாருங்கள். அந்த வாரமே இளைய மந்திரியின் தலையை எடுத்தார்கள். மாமியாரின் அறுபது முடிந்ததும் அதே வாரம்தான். சித்தப்பா மகளுக்கு நாளை மதியம் தூக்கு. அந்தப் பெண் சிறு வயதில் என் மேசைக்கடியில் ஒளிந்து விளையாடும். வாய்த்துடுக்கு, ஆனால் கெட்ட பெண் இல்லை. கயிறு ஏறாமல் போகட்டும் என்பதற்காகத்தான் நான் நேற்றே உங்களிடம் வந்துவிட்டேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மூன்றாவது இடத்துக்கு யாரும் வேண்டாம் என்று பாப்பா சொல்லிவிட்டதாம். 'என் பக்கத்தில் யார் பெயரை எழுதினாலும் அவர்களுக்குக் கெடுதல் வருகிறது. இரண்டு பேரோடே போகிறேன்.' காவலர்கள் சொல்லித்தான் தெரியும். சீட்டு அகப்பட்ட நாளிலிருந்து பாப்பாவைப் பார்க்க ஒருத்தரையும் விடவில்லை. கல்யாண உடையின் கடைசி அளவு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் காவலர்கள் அறைக்குள் வந்து என்னை வெளியே அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள். பத்தொன்பது வருடத்தில் நான் அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்தது இந்தப் பன்னிரண்டு நாள்தான்.

நீங்கள் கேட்டீர்கள், ஆதாரம் எதுவும் இல்லாதபோது நீயாக வந்தது ஏன் என்று. சித்தப்பா மகளுக்காக என்றேன். பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன், நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த அரண்மனையில் ஒரு சட்டம் இருக்கிறது. அரச குடும்பத்துக்கு வேலை செய்கிறவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அரச ரத்தத்தில் ஒருவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். மகாராஜாவுக்குக் கால் வீக்கம், இந்த மாடிக்கு ஏறமாட்டார். மகாராணியும் சித்தப்பாவும் உயிரோடு இல்லை. சித்தப்பா மகள் சிறையில். மிச்சம் யார்? பாப்பாவை ஒரு தடவை பக்கத்தில் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி இதுதான் ஐயா. மற்ற வழிகளையெல்லாம் நானே தைத்து மூடிவிட்டேன்.

உள்ளே வந்ததுமே கவனித்தேன். திரை தரையைத் தொடவில்லை, நாலு விரல் குறைகிறது. எவனோ அளவு தெரியாதவன் தைத்திருக்கிறான். அதற்குக் கீழே கல்யாண உடையின் ஓரம் தெரிகிறது. கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டிருப்பார்கள் போல. பன்னிரண்டு நாளாக என் பஞ்சில் ஒரு குண்டூசி குறைகிறது. அது அந்தக் கீழ்மடிப்பில்தான் இருக்கிறது, இடது குதிகாலுக்கு மேலே. நடக்கும்போது குத்தும். முதலில் அதை யாராவது எடுத்துவிடுங்கள்.

இதைச் சொன்னபோது நீங்கள் எழுந்து போய் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள். சபையில் படித்த பட்டியல் இல்லை அது. அதற்கு முந்தியது, பாப்பாவின் கையெழுத்தில். முதல் வரியில் 'ஊசியக்கா'. அதன் மேல் ஒரே ஒரு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது:

'கப்பல் ஒத்துக்காது என்று ஊசி மேல் சத்தியம் செய்திருக்கிறாள். நான் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாமல் வந்து கஷ்டப்படுவாள். கேட்கக் கூடாது. அவளாகக் கேட்டால் மட்டும்.'

"இப்பவாவது புரியுதாம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. எழுத்தர் ஐயா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அதுவும் மூக்கில் ஏறியது. துக்கத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்தீர்கள். அப்படியில்லை. சந்தோஷம். முதல் பெயரே நான்தானே. ஆக, நான் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அவர்கள்தான் இத்தனை நாள் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காரி, மருத்துவச்சி, எல்லோரும். நான் எழுப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

எல்லாம் நான்தான் செய்தேன் ஐயா. கொக்கி, மடிப்பு, சீட்டு, மூன்றும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் கப்பல் நாளை மறுநாள் காலையில்தானே? மூன்றாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. என் பெட்டி கட்டியபடியே இருக்கிறது. இப்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் நன்றாகப் பழகிவிட்டது. ஒரு நிமிடம் நீங்கள் தள்ளி நின்றால் போதும், திரைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஓரம் அசைகிறது. அழுகிறதா, எழுந்திருக்கிறதா, தெரியவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், குண்டூசி ஒன்றும் இல்லை.

"பாப்பா, என்னையும் கூட்டிட்டுப் போங்க."